வடக்குச் சுவரோரம் இருப்பவன்

ஆஷ்கோம்ப்,
புதன்கிழமை

என் அருமை மகள் ஹெஸ்டருக்கு,

கர்த்தர் கிருபையில் நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், கடலுக்கு அந்தப் பக்கம் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் ஜெபம். நியூசிலாந்தில் இப்போது ஆட்டுக்குட்டிகள் பிறக்கிற சமயம், நீ பாட்டுக்கு மேல்கோட்டு இல்லாமல் கொட்டிலுக்கு ஓடி மார்பில் சளி கட்டிக்கொள்ளாதே. உன் கடிதத்துக்கு உடனே பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே, எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. ஒரு வரி எழுதுவதற்குள் எழுந்துபோய் ஜன்னல் வழியாகக் கோயில் கோபுரத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன். அது எங்கேயும் ஓடிப்போகாது, உக்காரு என்று அப்பா சத்தம் போடுகிறார். அடுப்பில் வைத்த பிளம் ஜாமை மறந்து அடிப்பிடிக்க விட்டுவிட்டேன், சட்டியை இன்னும் சுரண்டிக்கொண்டிருக்கிறேன்.

விஷயம் இதுதான். நம் கோயிலை மூடப்போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஒரு பெஞ்சு நிறைவதே கஷ்டம், கூரை ஈயத்தகடு பெயர்ந்து மழை உள்ளே சொட்டுகிறது, குருவானவர் பென்ரோஸ் பாவம் சுற்றுப்பட்ட ஊர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே ஆளாக அந்தக் குட்டிக் காரில் பறந்துகொண்டிருக்கிறார், பாதிப் பிரசங்கத்திலேயே கடிகாரத்தைப் பார்க்கிறார். லண்டனிலிருந்து ஒருவர் கோயிலை வாங்கி வீடாக மாற்றிக்கொள்ளக் கேட்டிருக்கிறாராம். நீ ஞானஸ்நானம் எடுத்த கல்தொட்டி இருக்கும் இடத்தில் சமையலறை, மணிக்கூண்டுக்குக் கீழே குளியலறை. கோயிலுக்குப் பூ வைக்கும் கிளாடிஸைத்தான் உனக்குத் தெரியுமே, இதற்காகப் போட்ட கூட்டத்தில் எழுந்து, “அந்த மனுஷன் குளியல் தொட்டில உக்காந்துருக்கும்போது தப்பா யாராவது மணியடிச்சா, நாங்க எல்லாரும் பாட்டுப் புஸ்தகத்தோட வந்து நிக்கலாமா?” என்று கேட்டாள். சிரிக்காதவர்கள் இல்லை. நானும் சிரித்தேன், ஆனால் அடுத்த நிமிடமே சிரிப்பு நின்றுவிட்டது. திருமண்டல அலுவலகத்து ஆள் படத்தை விரித்து, தெற்குப் பக்கக் கல்லறைகள் எப்போதும்போல ஊருக்கே இருக்கும், வடக்குப் பக்கம் ஒரு கல்கூட இல்லை, யாரையும் புதைத்ததாகத் தெரியவில்லை, அதனால் அதை வீட்டோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம், வாங்குகிறவருக்குக் கார் நிறுத்த இடம் வேண்டுமாம் என்று சொன்னார்.

உன் அண்ணன் அங்கேதான் இருக்கிறான் என்று உனக்கு ஒரே ஒருதரம் சொல்லியிருக்கிறேன். நீ பிறப்பதற்கு முந்தின வருடம். மூச்சில்லாமல் பிறந்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் இல்லை, ஞானஸ்நானம் இல்லாதவனுக்கு ஜெபமும் இல்லை மணியும் இல்லை, வேண்டுமானால் வெயில் எட்டாத வடக்குச் சுவரோரம் வைத்துக்கொள் என்று அப்போதிருந்த குருவானவர் சொல்லிவிட்டார். நான் படுக்கையில் கிடந்தேன். அப்பாவே பலகை அறுத்துப் பெட்டி செய்து, அவரே குழி வெட்டி, தனியாகப் போய் வைத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அவர் கோயிலுக்குள் கால் வைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்துப் புல்லை மட்டும் கோடைக்குக் கோடை அரிவாள் போட்டு அறுத்துக் கொடுப்பார், உள்ளே கூப்பிட்டால் காது கேட்காதவர் மாதிரி இருப்பார். எந்த இடம் என்று அவர் எனக்குக் காட்டவும் இல்லை. வடக்குப் பக்கம் ஓரிடத்துக்கு வந்ததும் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு முட்டி போட்டுக் கையால் புல்லைப் பிடுங்குவார், அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இத்தனை வருடமாக அந்தப் பிள்ளையைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அப்படியிருக்க அவர் பேசாததை நான் எப்படிக் கூட்டத்தில் போட்டு உடைப்பது? கோயில் பொறுப்பில் இருக்கிறவள், எழுந்து நின்றேன், வாயைத் திறந்தேன், எல்லாருக்கும் டீ போடட்டுமா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கார் நிறுத்துகிற சமாசாரத்தை மட்டும் சொன்னேன். அவர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வேலி வெட்டப் போய்விட்டார். அன்றிலிருந்து எனக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை, யாருடைய கார் சத்தம் கேட்டாலும் வாசலுக்கு ஓடுகிறேன்.

இந்த நிலைமையில் அணைப்பு ஞாயிறு வந்தது. ஊரே கைகோர்த்துக் கோயிலைச் சுற்றி, முகம் சுவரைப் பார்க்க நின்று பாட்டுப் பாடி, முன்னே போய்ப் பின்னே வந்து ஆர்ப்பரிக்கிற ஞாயிறு. உன் சின்ன வயதில் கைகள் மீந்துபோய் இரண்டு வட்டமாக நிற்போம். இதுதான் கடைசி வருடம் என்று சொன்னதால் மதுக்கடைக்காரர் கடையை மூடிவிட்டு வந்தார், நம் கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்காத மெதடிஸ்ட் ஆட்கள்கூட வந்தார்கள், அப்படியும் ஆள் பற்றவில்லை. கைகளை இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். வடக்குப் பக்கம் முழுக்கத் திறந்து கிடந்தது. அப்பாவுக்கு முழங்கால் வலி, இந்த வருடம் அங்கே அறுக்கவே இல்லை, காஞ்சொறி இடுப்புயரம் வளர்ந்து நிற்கிறது. குருவானவர் கடிகாரத்தைப் பார்த்தார். “பரவாயில்ல, லாடம் மாதிரி மூணு பக்கமும் நின்னுக்கலாம், வடக்குப் பக்கம் விட்டுடலாம், அங்கதான் யாரும் இல்லையே” என்றார். அவர் பேரில் குற்றமில்லை, சின்ன வயசு, நேற்று வந்தவர். ஆனால் பக்கத்தில் நின்ற கிளாடிஸின் கையை நான் எப்படி இறுக்கினேனோ, “ஏய் மார்ஜரி, விரல ஒடிச்சிராத” என்று கத்தினாள்.

அப்பா வழக்கம்போலத் தோட்டத்து வாசலுக்கு வெளியே நின்று பைப் பிடித்துக்கொண்டிருந்தார். பைப்பை வாயிலிருந்து எடுத்தார். உள்ளே வந்தார். எல்லாரையும் தாண்டி, அன்றைக்கும் வந்திருந்த திருமண்டலத்து ஆளையும் தாண்டி நேரே வடக்குப் பக்கம் போய் அந்தக் காஞ்சொறிக்கு நடுவில் நின்றுகொண்டு, “யாரும் இல்லன்னு யாரு சொன்னது? எங்க ஜெத்ரோ இங்க இருக்கான். நான்தான் கொண்டாந்து வச்சேன். என் பிள்ள” என்றார். குருவானவர் முகம் வெளுத்துப்போய்த் தொப்பியைக் கழற்றிவிட்டார். அப்புறம் கிளாடிஸ்தான், “என்ன பாத்துட்டு நிக்கறீங்க? எல்லாரும் வடக்கால வாங்க. துரை வீட்டுக் கல்லறைங்கள காலங்காலமா கட்டிப்பிடிச்சாச்சு, இன்னிக்கு ஒருநாள் அவங்க காத்தாட இருக்கட்டும்” என்று சொல்லிக்கொண்டே முதல் ஆளாக நடந்தாள். அத்தனை பேரும் தெற்குப் பக்கத்தை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்து நின்றார்கள். பெரிய வாசல், துரை வீட்டுப் பளிங்குக் கல்லறைகள் எல்லாம் வெறுமனே கிடக்க, லாடத்தின் திறந்த வாய் அங்கே போய்விட்டது. நான் அப்பாவின் கையைப் பிடித்தேன். ஊரார் முன்னால் அவர் கையைப் பிடித்தது எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான். அவருக்குப் பாட்டு மறக்கவே இல்லை, ஒவ்வொரு அடியும் பாடினார். பிறகு எல்லாரும் காலைச் சொறிந்துகொண்டு புல்லில் உட்கார்ந்து, காஞ்சொறி எரிச்சல் தணிய வேலியோரத்து டாக் இலையைப் பறித்துத் தேய்த்துக்கொண்டே கேக் சாப்பிட்டார்கள், மெதடிஸ்ட் அம்மாள் ஒருத்தியின் புதுக் காலுறை கிழிந்து, இதுக்குத்தான் நாங்க உங்க கோயிலுக்கு வர்றதில்ல என்று சிரித்தாள்.

திருமண்டலத்து ஆள் நல்ல மனிதர். கோயிலை மூடுவதைத் தன்னால் நிறுத்த முடியாது, ஆனால் கல்லறை இருக்கும் இடத்தை விற்க மாட்டார்கள், இடத்தை அளந்து எல்லை முளை அடிக்க ஆள் வருவதற்குள் அங்கே பெயர் பொறித்த ஒரு கல் நட்டுவிடுங்கள், எல்லைக் கோட்டைத் தள்ளிப் போடச் சொல்கிறேன் என்றார். கல்தச்சர் வேலையைத் தொடங்கிவிட்டார், அவர் முடிப்பதற்குள் முளைக்காரர்கள் வந்துவிடுவார்களோ என்றுதான் நான் ஜன்னலுக்கும் மேசைக்குமாக அலைகிறேன். கோயில் போவது வருத்தம்தான் ஹெஸ்டர், நீ மோதிரம் மாற்றி நின்ற இடத்தில் யாரோ உருளைக்கிழங்கு வேகவைப்பார்கள். ஆனால் என் பிள்ளைமேல் கார் நிற்காது என்றால் மற்றதை நான் சகித்துக்கொள்வேன்.

ஒன்று பாக்கி. அன்றைக்கு வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டே அப்பா, “உன்னக் கேக்காமலே பேரு வச்சுட்டேன் மார்ஜரி. பெட்டிய மூடும்போது ஏதாவது சொல்லிக் கூப்பிடணும்போல இருந்துச்சு. உன் மனசுல வேற பேரு ஏதாவது இருந்துச்சா?” என்று கேட்டார். என் மனதில் இருந்தது. அவன் வயிற்றில் உதைத்த நாளிலிருந்து எனக்கு அவன் எட்வின். துணி துவைக்கும்போது, உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுத் திரும்பும்போது, இத்தனை வருடமும் எட்வினுக்கு இப்போது இன்ன வயது என்று சொல்லிக்கொண்டுதான் வந்திருக்கிறேன். அப்பா முகத்தைப் பார்த்தேன். “இல்லீங்க, நானும் ஜெத்ரோன்னுதான் வச்சிருந்தேன்” என்றேன். அவர் ஒரு பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே அழுதுவிட்டார், நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே பேரு தோணிருக்கு பாத்தியா என்று இன்றுவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

உன்னையும் உன் வீட்டாரையும் கர்த்தர் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும், பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தங்கள், குளிர் போகும்வரை சின்னவனுக்குக் காலுறை போடாமல் விடாதே. உன் கடிதம் வந்தால் தபால்காரரிடமிருந்து பிடுங்கி முதலில் பிரிக்கிறவர் அப்பாதான் என்பதை மறந்துவிடாதே. பதில் எழுதும்போது ஜெத்ரோ அண்ணன் என்றே எழுது.

உன் அன்புள்ள
அம்மா