என் மேசையில் பழைய ரூல்

12-7-2009, ஞாயிறு

சைனிக்புரியில் இந்த மந்திரச் சீட்டாட்டத்தில் என்னை வெல்ல ஆள் கிடையாது. ஹைதராபாத்திலேயே கிடையாது என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்பதாவதோடு நின்றவன் நான். இங்கிலீஷில் அச்சடித்த அத்தனை சீட்டும் எனக்கு மனப்பாடம். மாதாப்பூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு இர்பானே அசந்து போவான். கற்றுக்கொடுத்தவன் அவன்தான் என்பது வேறு விஷயம்.

சீட்டு அச்சடிக்கும் கம்பெனிக்காரன் நேற்று முதல் ரூலை மாற்றிவிட்டானாம். ஆளுக்கு இருபது உயிர், தீர்ந்தால் தோல்வி. சீட்டு வைக்கச் சக்தியை எடுத்துவிட்டுச் செலவழிக்காமல் விட்டால், மிச்சம் எத்தனையோ அத்தனை உயிர் எரிந்து போகும் - ஆட்டத்துக்கே உப்பு அதுதான். இனி உயிர் எரியாதாம், மிச்சச் சக்தி சும்மா மறைந்துவிடுமாம். இது என்ன பால்வாடியா? இர்பானின் ஆபீஸ் பையன்கள் எல்லாம் புலம்புகிறார்கள். நான் சொல்லச் சொல்ல இர்பான் அந்தக் கம்பெனிக்குப் புகார்க் கடிதம் அடிக்கிறான்.

சாயங்காலம் வழக்கம்போல ஐந்து மணிக்குப் பத்மநாபன் வந்தான். முப்பது வருடம் என்னோடு ஒரே ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவன். நாலே சீட்டில் தூளாக்கினேன். சிரித்துக்கொண்டே கைகொடுத்துவிட்டுப் போனான்.

13-7

பத்மநாபன் போய்விட்டான். காலையில், பால் வாங்கப் போன இடத்தில். நெஞ்சு.

17-7

ஆட்டம் மேசையில் அப்படியே கிடக்கிறது. அவன் கைச்சீட்டு கவிழ்ந்தபடி. துடைக்க வந்த புஷ்பாவிடம் கத்திவிட்டேன்.

"சீட்டுதானே, பொண்டாட்டிகிட்ட எதுக்கு இப்படிக் கத்தறீங்க?"

சீட்டை வைக்குமுன் மேசையில் இரண்டு தட்டு தட்டுவான் அவன். இன்று ஐந்து மணிக்கு அந்தச் சத்தம் கேட்டது. ஜன்னல் கதவு என்றாள் புஷ்பா. ஜன்னல் சாத்தியிருந்தது.

18-7

இன்றும் ஐந்து மணிக்கு.

19-7, ஞாயிறு

இர்பான் கடிதத்தோடு வந்தான்.

"உங்க பேரைப் போட்டு அனுப்பிடவா அங்கிள்?"

"நக்கோடா, வேணாம்."

"கைக்கு? ஏன் வேணாம்? ஆந்திரா பூரா கேக்கற மாதிரி கத்தினது நீங்கதானே?"

கடிதத்தைக் கிழித்து அவன் கையிலேயே கொடுத்தேன்.

20-7

12ஆம் தேதி எழுதியதைப் படித்தேன். பொய். எனக்கு நானே எழுதும் நோட்டில்கூடப் பொய்.

கைகொடுக்கவில்லை அவன். எனக்கு இரண்டே உயிர் மிச்சம், அவனுக்கு ஐந்து. அடுத்து அவன் முறை வந்தால் என்னை முடித்திருப்பான். புது ரூலை நம்பி ஐந்து சக்தியைச் செலவழிக்காமல் விட்டான். நான் பாய்ந்தேன்.

"ரூல் மாறிடுச்சுடா. இர்பான்கிட்ட கேளு."

"என் மேசையில பழைய ரூல்தான். அஞ்சும் எரிஞ்சாச்சு. நீ செத்துட்டே. எந்திரி."

எழுந்தான். செருப்பை மாட்டினான். திரும்பிப் பார்த்தானா? தெரியலை. நான் கடைசியாப் பேசினது அதுதான் - வேற ஏதாச்சும் சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாடா பாவி?

25-7

பத்மநாபன் மனைவி ஜலஜா வந்தாள். மகனோடு புனேவுக்குப் போகிறாளாம். பத்மநாபன் சீட்டுகளை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளக் கேட்டாள். மேசையைப் பார்த்துவிட்டு, "கடைசி ஆட்டம் யாருண்ணா ஜெயிச்சது?" என்றாள். வாயில் கதை வரவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

கவிழ்ந்து கிடந்த சீட்டுகளை விரலால் நேராக்கினாள். பிறகு:

"அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் சிரிச்சாரு. 'உங்கண்ணன் என்னைக் கொன்னுட்டான் ஜலஜா'ன்னாரு. சாப்பாடு வேணாம்னு படுத்துட்டாரு."

"சிரிச்சானா? நெஜமாவா?"

"சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சுண்ணா."

சீட்டை அவள் எடுக்கவில்லை. "முடிச்சிட்டுக் குடுங்க" என்றாள்.

26-7, ஞாயிறு

ஐந்து மணிக்கு உட்கார்ந்தேன். புது ரூல்படி. அவன் விட்ட ஐந்து சக்தி எரியவில்லை, சும்மா மறைந்தது. என் முறையில் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அப்புறம் அவன் முறை. அவன் சீட்டை எடுத்து, இரண்டு தட்டு தட்டி, அவனுக்காக வைத்தேன்.

பத்மநாபன் ஐந்து. நான் பூஜ்யம்.

இருட்டும் வரை நாற்காலியிலேயே இருந்தேன். எந்திரி என்று யாரும் சொல்லவில்லை.