பாதுஷாவின் தட்டு

இன்று காலை பாத்திரம் தேய்க்கிற பெண் வரவில்லை. நானே தொட்டி முன்னால் நின்று தேய்த்தேன். கடைசியாகக் கைக்கு வந்தது அந்த எவர்சில்வர் தட்டு. விளிம்பில் உன் அம்மாவின் பெயர் வெட்டியிருக்கிறது. பாதி எழுத்து தேய்ந்துவிட்டது. எவ்வளவு புளி போட்டுத் தேய்த்தாலும் அதில் மீன் வாசனை லேசாக இருந்துகொண்டே இருக்கிறது. முன்பெல்லாம் அந்த வாசனை வந்தால் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வேன், உனக்குத் தெரியும். இன்று தட்டை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர், "லாரித் தண்ணிடி, குழாயை மூடு" என்று கத்தினார். மூடினேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீ இருந்திருந்தால் முதலில் சிரித்திருப்பாய், பிறகு திட்டியிருப்பாய். இரண்டுக்கும் ஆளில்லாததால் எழுதுகிறேன்.

நாம் ஒரே பள்ளிக்கூடத்தில் இருந்தோம். நீ உயிரியல் டீச்சர், நான் ஆபீசில் ஃபைலும் பூட்டும் சாவியும். உன் வீடு சாந்தோமில் கோயிலுக்குப் பின்னால் இருந்த சந்தில், என் வீடு மயிலாப்பூர் குளத்துக்கு மேற்கே. சாயங்காலம் பட்டினப்பாக்கம் கடற்கரையில் நடப்போம். ஓய்வு பெற்ற பிறகும் அந்த நடை நிற்கவில்லை. ஒரு மழைநாளில் ஆட்டோவுக்கடியில் கிடந்த நாய்க்குட்டியை நீ புடவைத் தலைப்பில் சுருட்டி எடுத்து வந்ததும் அந்த நடையின்போதுதான். பழுப்பாக, உருண்டையாக இருந்தது. "பாதுஷா மாதிரி இருக்குல்ல?" என்றாய். அதுவே பெயராகிவிட்டது.

அது என் புதுச் செருப்பைக் கடித்துப் போட்ட நாள் நினைவிருக்கிறதா? நான் கையை ஓங்கினேன். அது காதை மடக்கி, முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டு, நாக்கால் உதட்டை நக்கியது. "பாரு, தப்புப் பண்ணிட்டோம்னு அதுக்கே தெரியறது" என்றேன். நீ என் பக்கம் திரும்பி, பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்கிற குரலில், "முதல்ல அது என்ன பண்ணுதுன்னு சொல்லு. ஏன் பண்ணுதுன்னு அப்புறம் பேசலாம்" என்றாய். சொன்னேன். காது, முகம், நாக்கு. மறுநாள் ஒரு தப்பும் செய்யாமல் படுத்திருந்த அதை நீ வேண்டுமென்றே முறைத்தாய். அதே காது, அதே முகம், அதே நாக்கு. "பார்த்தியா? நம்ம மூஞ்சியப் படிக்குது, அவ்ளோதான். குற்ற உணர்ச்சியெல்லாம் மனுஷங்களுக்கு வர்ற வியாதி, வசு." அப்புறம் அதைச் சும்மா முறைத்ததற்காக நீயே அதன் கழுத்தைச் சொறிந்து சமாதானம் செய்தாய்.

கொட்டாவி விட்டால் தூக்கம் என்று நினைக்காதே, பதற்றமாகவும் இருக்கலாம் என்பாய். வாலை ஆட்டினால் சந்தோஷம் என்று கையை நீட்டாதே, எப்படி ஆட்டுகிறது என்று பார் என்பாய். நான் உம் கொட்டிக்கொண்டே காபி குடிப்பேன். காபி மட்டும். முப்பது வருஷப் பழக்கத்தில் உன் வீட்டில் நான் ஒரு வேளை சோறு சாப்பிட்டதில்லை. மணி பன்னிரண்டரை ஆனதும், "கிளம்பறேண்டி, ஆத்துல வேலை கிடக்கு" என்று எழுந்துவிடுவேன். நீயும் ஒருநாளும் இரு என்று சொன்னதில்லை. கிறிஸ்துமஸுக்கு முட்டை போடாத கேக்கைத் தனியாகச் செய்து, "கரண்டிகூடப் புதுசு, பயப்படாம சாப்பிடு" என்று தூக்கில் வைத்து அனுப்புவாய். ஒருவர் பழக்கத்தை ஒருவர் மதிக்கிறோம் என்று இரண்டு பேருக்கும் அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

நீ படுத்த பிறகு அந்த நான்கு மாதத்தில் நான் வந்தது இரண்டே முறை. இவருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்தது. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. லஸ் பக்கம் முழுக்க மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டிருந்ததால் ஆட்டோக்காரர்கள் வர மறுத்தார்கள். இதெல்லாம் உண்மைதான். ஆனால் இவையெல்லாம் காரணமில்லை. எனக்குச் சோர்வாக இருந்தது. இன்னொரு கட்டில், இன்னொரு மருந்து வாசனை, இன்னொருவரைத் தூக்கி உட்காரவைப்பது என்று நினைத்தாலே உடம்பு மறுத்தது. இரண்டாம் முறை வந்தபோது, "பாதுஷாவ நீ பார்த்துக்கிறியா?" என்று கேட்டாய். "அதைப் பத்தி ஏன் கவலைப்படறே" என்றேன். சரி என்றுகூடச் சொல்லவில்லை. நீ அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டாய்.

கனடாவிலிருந்து வந்த உன் மகன் காரியங்களை முடித்துவிட்டு, போகிற அன்று நாயையும் கயிற்றையும் தட்டையும் எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டான். "ஆன்ட்டி, அம்மா சொன்னாங்க" என்றான். கயிற்றைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

பாதுஷா சாப்பிடவில்லை.

முதல் நாள் தயிர்சாதம் வைத்தேன். தட்டின் முன்னால் உட்கார்ந்தது, தொடவில்லை. இரண்டாம் நாள் பாலும் பிரெட்டும். மூன்றாம் நாள் நெய் விட்டுப் பருப்பு சாதம். அப்படியே காய்ந்தது. எஜமானி போன துக்கம் என்று வாட்ச்மேன் சொன்னார். எதிர்வீட்டு மாமி, "இந்த ஜீவனுக்கு இருக்கிற நன்றி மனுஷாளுக்கு இருக்கா?" என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டு, அதை ஃபோனில் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினாள். கண்ணீர் விடும் பொம்மைகள் வந்து குவிந்தன. ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு டாக்டரிடம் கொண்டுபோனேன். ரத்தம், வயிறு, பல் எல்லாம் சரியாக இருக்கிறது, மனசுதான் காரணமாக இருக்கும், பொறுத்துப் பாருங்கள் என்றார்.

ஒன்றை உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன். அது சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தது எனக்கு உள்ளூர ஆறுதலாக இருந்தது. உனக்காக நான் இன்னும் அழவில்லை. அழக்கூடத் தெம்பில்லை. எனக்குப் பதிலாக அதுவாவது துக்கம் காக்கிறதே என்று நினைத்தேன்.

ஒரு வாரத்தில் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. இவர் நல்லவர்தான், ஆனால் அவருக்கும் அலுத்துவிட்டது. "நானே ஒரு காலை வச்சுண்டு தடுமாறிண்டு இருக்கேன். நீ வாசலுக்கும் பால்கனிக்கும் ஓடிண்டு இருக்கே. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பார்ப்போம். அப்புறம் காப்பகத்துல விட்டுடலாம். அவாளுக்குத் தெரியும்" என்றார். ஒன்பது வயது நாயை, சாப்பிடாத நாயை, நூறு நாய்களுக்கு நடுவில் கொண்டு விட்டால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் நான் மறுக்கவில்லை. காப்பகத்து வண்டிக்கு ஃபோன் செய்து சொல்லியும் வைத்தேன். உன்னைப் பார்க்க வராமல் இருந்தவளுக்கு இது ஒன்றும் பெரிய காரியமில்லை என்று தோன்றியது.

சனிக்கிழமை காலை கடைசி முயற்சியாக ஒன்று செய்தேன். உன் வீட்டுக்கு மீன் கொண்டுவருவாளே அஞ்சலை, அவளுக்கு ஃபோன் செய்து, மீன் வேகவைத்துச் சோற்றில் பிசைந்து கொண்டுவரச் சொன்னேன். ஆமாம், எங்கள் வீட்டுக்குத்தான். இவர் பூஜை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அஞ்சலை மூச்சு வாங்க மாடி ஏறி வந்து, பால்கனியில் தட்டு நிறைய வைத்தாள். பாதுஷா ஓடிவந்தது. தட்டின் முன்னால் உட்கார்ந்தது. அவ்வளவுதான். தொடவில்லை.

நான் தரையிலேயே உட்கார்ந்தேன். அப்போதுதான் வேறு வழியில்லாமல் உன் கேள்வி வந்தது. அது என்ன பண்ணுது? ஒன்பது நாளாக நான் ஏன், ஏன் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். பார்த்தேன். வாயிலிருந்து எச்சில் ஒழுகித் தரையில் சொட்டுகிறது. முகத்தைத் தட்டிலிருந்து திருப்பவில்லை. தட்டைப் பார்க்கிறது, என் கையைப் பார்க்கிறது, என் வாயைப் பார்க்கிறது. மறுபடியும் தட்டு, கை, வாய். வாட்ச்மேன் மாடிப்படியில் கொடுக்கிற பிஸ்கட்டை மட்டும் அது தினமும் வாங்கித் தின்றுகொண்டிருந்ததும் அப்போதுதான் உறைத்தது. பசிக்காத நாய் இல்லை இது. எதற்கோ காத்திருக்கிற நாய்.

வியர்வை கண்ணில் இறங்கியது. முந்தானையால் நெற்றியைத் துடைத்தேன். பாதுஷாவின் வால் தரையில் பட்டென்று அடித்தது. பின்னங்காலை ஊன்றிப் பாதி எழுந்தது. நான் கையை இறக்கினேன். அது மறுபடி உட்கார்ந்தது.

"இன்னாக்கா, பாதில நிறுத்திட்டே? சொல்லு" என்றாள் அஞ்சலை.

"என்ன சொல்றது?"

"ஜெபம்தான். ஜெபம் சொல்லாங்காட்டி அது எப்டி துன்னும்? டீச்சரு அப்டித்தானே பயக்கி வச்சிருந்தாங்கோ. அவங்க தட்டு பக்கத்துலயே இதும் தட்டு. நெத்தில கை வச்சு சிலுவ போட்டு, ஜெபம் சொல்லி, ஆமென்னு சொன்னாத்தான் ரெண்டு பேரும் துன்னுவாங்கோ." பிறகு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "முப்பது வருசம் ஃப்ரெண்டுன்றே. ஒரு நாளு கூட அங்க துன்னதில்லியா நீ?"

அவள் குத்திக்காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இல்லையென்று தலையை ஆட்டினேன். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு வேளை, உன் மேஜையில் உட்கார்ந்திருந்தால் எனக்கு இது தெரிந்திருக்கும். பன்னிரண்டரைக்கு எழுந்து எழுந்து ஓடியவளுக்கு எப்படித் தெரியும்?

"எனக்குத் தெரியாது அஞ்சலை. நீ சொல்லேன்" என்றேன்.

"நான் மாரியாத்தா கும்புடுறவ. ஆனா டெய்லி கேட்டுகினே கீறேன்ல, வராத போவுமா?" அவள் கையைத் துடைத்துக்கொண்டு நெற்றியில் வைத்தாள். பாதுஷா நிமிர்ந்தது. அஞ்சலை தன் பேச்சை விட்டுவிட்டு அப்படியே உன் குரலில், நீ நிறுத்தி நிறுத்திச் சொல்கிற இழுப்பில் சொன்னாள். "ஆண்டவரே, இந்த உணவை ஆசீர்வதியும். தூரத்தில் இருக்கிற என் பிள்ளையைக் காப்பாற்றும். அஞ்சலையின் வீட்டு ஆட்கள் போகிற கடலைக் காப்பாற்றும். வசுவுக்குக் கொஞ்சம் ஓய்வு தாரும். ஆமென்."

பாதுஷா தட்டில் வாயை வைத்தது. அது சாப்பிட்ட சத்தம் பூஜை அறைக்குள் கேட்டிருக்கும். கதவு திறந்தது. இவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்று பார்த்தார்.

"கடைசி வரைக்கும் அதான் சொல்லிகினு இருந்தாங்கோ. கஞ்சி எறங்காத போன நாளு கூட" என்றாள் அஞ்சலை. "யாருமா அந்த வசுன்னு ஒரு நாள் கேட்டேன். அவ ரொம்ப டயர்டா இருக்கா அஞ்சல, அதான் வரலன்னாங்கோ."

நான் அழுதேன். நீ போய்ப் பதினைந்து நாள் கழித்து, மீன் வாசனை அடிக்கும் பால்கனியில், மீன்காரியின் முன்னால், இவரும் பார்த்துக்கொண்டிருக்க, சத்தம் போட்டு அழுதேன். வெட்கமாக இல்லை. சாயங்காலம் வண்டிக்கு ஃபோன் செய்து வரவேண்டாம் என்று சொன்னது இவர்தான்.

ஆறு மாதம் ஆகிவிட்டது. பாதுஷாவுக்குச் சதை போட்டிருக்கிறது. வாரத்துக்கு இரண்டு நாள் அஞ்சலை மீன்சோறு கொண்டுவருகிறாள், மற்ற நாளில் எங்கள் சாப்பாடுதான். தயிர்சாதத்தையும் வழித்துத் தின்கிறது. தினமும் நாலரை மணிக்கு வாசல் கதவின் பக்கம் போய்ப் படுக்கிறது. எதிர்வீட்டு மாமி, உன்னைத்தான் தேடுகிறது என்கிறாள். இருக்கலாம். நடைக்குப் போகிற நேரம் என்பதாலும் இருக்கலாம். என்ன செய்கிறது என்று மட்டும் பார்த்துவைத்திருக்கிறேன். ஏன் என்பதை நீ சொல்லாமல் நான் முடிவு செய்வதாக இல்லை.

என் கால்வலி போகவில்லை. காலையில் எழுந்திருக்கும்போதே அலுப்பாக இருக்கிறது. நீ கேட்ட ஓய்வு இன்னும் வந்து சேரவில்லை என்பதை உனக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். இனி உன் ஆண்டவரிடம் நேரிலேயே கேட்டுக்கொள்.

இன்று மத்தியானமும் தட்டை வைத்தேன். நெற்றியில் கை வைத்தேன். எங்கள் வீட்டுக் குங்குமம் விரலில் ஒட்டுகிறது, ஒன்றும் ஆகிவிடவில்லை. நாய்க்கு அந்தக் கையும் கடைசியில் ஒரு ஆமெனும் போதும் என்று எனக்கு இப்போது தெரியும். நடுவில் வருகிற பெயர்களெல்லாம் அதற்கு ஒன்றுமில்லை. ஒரு நாள் பெயர்களை விட்டுவிட்டுச் சொல்லிப் பார்த்தேன், நிம்மதியாகச் சாப்பிட்டது. ஆனாலும் நான் முழுவதும்தான் சொல்கிறேன். உன் பிள்ளையைச் சொல்கிறேன், அஞ்சலையின் கடலைச் சொல்கிறேன். என் பெயர் வருகிற இடத்தில் உன் பெயரைச் சொல்கிறேன். பாதுஷா எச்சில் ஒழுகக் காத்திருக்கிறது. பக்கத்தில் என் தட்டையும் வைத்துக்கொண்டு, ஆமென் சொன்ன பிறகுதான் நானும் சாப்பிடுகிறேன்.