உள்ளே கதவு, வெளியே சுவர்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். உன் அத்தானுக்கு இருமல் குறைந்திருக்கிறது. சின்னவளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. நலம் அவ்வளவுதான். எனக்குத்தான் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. இதுவரை எழுதுவதற்குள் மூன்று தடவை எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். அது அணைந்து ஐந்து நாளாகிறது, தெரிந்தும் போகிறேன்.

ஆமாம், நம் பேக்கரியை மூட வைத்துவிட்டார்கள். பத்தொன்பதாம் தேதி விசாரணை. அன்று நான் சொல்வது எடுபடவில்லை என்றால் உரிமம் ரத்து. அப்புறம் நானும், மாவு பிசைய வேலைக்கு வருகிற அம்மாளும், பொட்டலம் கட்டுகிற பெண்ணும் வேறு பிழைப்புத் தேட வேண்டியதுதான். இந்த வயதில் எனக்கு ரொட்டி சுடுவதைத் தவிர என்ன தெரியும், சொல்.

நடந்ததைச் சொல்கிறேன், முழுதாகப் படித்துவிட்டுக் கோபப்படு. போன வருடத் தொடக்கத்தில் தீயணைப்புத் துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அடுப்பறைக்கு இரண்டாவது வாசல் வேண்டும் என்றார். நியாயம்தான் என்று பின்சுவரை இடித்துக் கதவு வைத்தேன். இடித்த தூசி அடங்குவதற்குள் சுகாதாரத் துறை அம்மா வந்து நின்றார். பின்னால் இருப்பது சாக்கடைச் சந்து, உணவு செய்கிற அறைக்கு அந்தப் பக்கம் வாசலே இருக்கக் கூடாது, செங்கல் வைத்து அடையுங்கள் என்றார். வேறு எங்கே வாசல் வைப்பது? இடது பக்கம் தையல் கடைக்காரர் சுவர், வலது பக்கம் பூட்டுக் கடைக்காரர் சுவர். எனக்கென்று இருப்பது அந்தப் பின்சுவர் ஒன்றுதான்.

தீயணைப்பு அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். "அது அவங்க விஷயம்மா, அவங்ககிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க" என்றார்கள். சுகாதார அலுவலகத்திலும் அதையேதான் சொன்னார்கள், 'அம்மா'வை மட்டும் விட்டுவிட்டார்கள். ஏழு மாதம் நடையாய் நடந்தேன். நகல் கேட்டார்கள், நகலுக்குச் சான்றொப்பம் கேட்டார்கள், சான்றொப்பம் பழசாகிவிட்டது என்றார்கள். நான் வரிசையில் நிற்கிற நாளெல்லாம் இங்கே ரொட்டி கருகியது. உனக்கும் இரண்டு கடிதம் எழுதினேன். "உரிய அலுவலகத்தை அணுகவும்" என்று பதில் போட்டாய். அது அக்காவுக்கு எழுதுகிற பதிலாடா?

கடைசியில் கொத்தனார் ஒரு வழி சொன்னார். "உள்ள கதவு அப்படியே இருக்கட்டும். வெளிய மட்டும் செங்கல் வச்சுப் பூசிடறேன். அவரு உள்ள வந்து பார்ப்பாரு, அந்தம்மா சந்துல நின்னு பார்ப்பாங்க, ரெண்டு பேருக்கும் சந்தோஷம்." கேட்டுவிட்டுச் சிரித்தேன். சிரித்துவிட்டுச் சரி என்றும் சொன்னேன். விடுமுறை நாளில் சந்துப் பக்கமாக வந்து அவர் வேலையை முடித்தார். நான் கதவுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்து 'அவசர வழி' என்று எழுதினேன். ஐந்து மாதம் இரண்டு துறைக்கும் நான் நல்ல பிள்ளை.

போன வாரம் தீயணைப்பு அதிகாரி மறுபடி வந்தார். பொட்டலம் கட்டுகிற பெண்ணைக் கூப்பிட்டு, "தீப்பிடிச்சா எந்தப் பக்கம் ஓடுவீங்க?" என்று கேட்டார். அவள் பெருமையாகப் பச்சைக் கதவைக் காட்டினாள். அவர் அவளைப் பார்த்துக்கொண்டே கதவை உள்பக்கம் இழுத்து வெளியே காலை வைக்கப் போனார், மூக்கு போய்ச் செங்கல்லில் இடித்தது. மூக்கைத் தேய்த்துக்கொண்டே கடையை மூடச் சொல்லி அங்கேயே உத்தரவு எழுதினார். அந்தப் பெண்தான் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பூச்சி வரும், அந்தக் கதவைத் திறக்காதீர்கள் என்று மட்டும்தான் வேலை செய்கிற இருவரிடமும் சொல்லி வைத்திருந்தேன். சுவர் எழுப்பியதைச் சொல்லவே இல்லை.

தம்பி, அவள் பார்த்த பார்வையில் நான் கூனிக் குறுகிப் போனேன். உண்மையிலேயே தீப்பிடித்திருந்தால் அந்த இரண்டு பேரும் அங்கேதான் ஓடியிருப்பார்கள். மறுநாளே கடப்பாரையை எடுத்து நானே அந்தச் செங்கல்லை இடித்துத் தள்ளினேன். சுகாதாரத் துறை அதற்கொரு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது, அனுப்பட்டும்.

அதிகாரி கையிலிருந்த தீயணைப்பு விதிப் புத்தகத்தில் தயாரித்தவர்கள் பட்டியலில் உன் பெயர் மூன்றாவதாக இருக்கிறது. இரண்டாவது வாசல் விதியை நீ ஏன் எழுதினாய் என்று எனக்குத் தெரியும். உனக்கு ஏழு வயதில், இதே அறையில் புகை மண்டி, கதவின் தாழ் சிக்கிக்கொண்டு, உன்னைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தவள் நான். விதி தப்பென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நீயும் சுகாதார விதி எழுதுகிறவரும் ஒரே கட்டடத்தில் எதிரெதிர் அறையில் இருக்கிறீர்களாம். ஒரு நாள் டீ குடிக்கும்போதாவது பேசிக்கொள்ள மாட்டீர்களா? பெரிய கம்பெனிக்காரன் வேறு கட்டடம் கட்டிக்கொண்டு போய்விடுவான். நான் எங்கே போவேன்? உங்கள் இரண்டு புத்தகமும் சண்டை போட என் சுவர்தானா கிடைத்தது?

விசாரணைக்கு முன் ஒரு படிவம் தர வேண்டும். ஏமாற்றும் எண்ணத்தோடு செய்தீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். ஆம் என்று எழுதிவிட்டேன். கொத்தனாரை இதில் இழுக்கவில்லை, சரி சொன்னது நான்தானே. கடைசிக் கேள்வியில்தான் நின்றுவிட்டேன். அரசுப் பணியில் நெருங்கிய உறவினர் உண்டா, உண்டெனில் பெயரும் பதவியும். உண்டு என்று எழுதினால் விதி எழுதியவனின் அக்காவே விதியை ஏமாற்றினாள் என்று உன் அலுவலகம் சிரிக்கும். இல்லை என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

சிபாரிசு வேண்டாம், யாருக்கும் போன் போடாதே. துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்று விசாரணை நோட்டீஸில் இருக்கிறது. காலை பத்து மணிக்கு விசாரணை. உன் அத்தான் வருகிறேன் என்கிறார், நான்தான் இன்னும் சரி சொல்லவில்லை.

படிவத்தை வெள்ளிக்கிழமை தர வேண்டும். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன். எனக்கு ஒரு தம்பி உண்டா இல்லையா என்று அதற்குள் ஒரு வரி எழுதி அனுப்பு.

எந்தப் பதில் எழுதினாலும் நீ குறைவில்லாமல் இருக்க வேண்டும், ராஜா.

உன் அக்கா