அம்மாவின் ஒருசந்தி

தோகா, 9.12.2001

அன்புள்ள அம்மாவுக்கு, ஞானராஜ் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நான் நலம், என் தொப்பை அதைவிட நலம். உங்களுக்குத்தான் நலமில்லை என்று உங்கள் மருமகள் கிளாரா போனில் அழுதாள்.

நான் வரும்வரை மதியச் சோறு தொடாமல் ஒருசந்தி இருப்பதாக அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டு, சர்க்கரை வியாதியோடு வெங்காயக் காட்டில் மயங்கி விழுந்தீர்களாம். தூக்கிய மருமகளிடம், "மொதல்ல அவன் வந்து வாசல்ல நிக்கட்டும் புள்ள, அப்பறம் திங்கிறேன்" என்றீர்களாம். நான் போனில் கூப்பிட்டால் மட்டும் உங்களுக்கு ஜெபமாலை முடிவதில்லை. அதனால்தான் ஊருக்கு வரும் கன்னிவாடி ஆண்டனிராஜ் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அம்மா, கிறிஸ்துமஸுக்கு லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கணக்கில் இரண்டு தடவை பெயிலானவனை நம்பித்தான் ஆறு மாடிக் கட்டடம் நிற்கிறதாம். ஈஸ்டருக்குத்தான் வர முடியும். அதுவரை உங்கள் உடம்பு தாங்காது.

பங்குச்சாமியாரிடம் போங்கள். நேர்ச்சையை மாற்றித்தர அவருக்கு அதிகாரம் உண்டு. என் பேருக்கு மாற்றச் சொல்லுங்கள்.

உங்கள் பேத்தி மரியசெல்வியின் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பச் சொல்லுங்கள். செருப்பு வாங்க வேண்டும், எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று தெரியவில்லை.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. நேற்று மதியத்திலிருந்து உங்களுக்குப் பதிலாக நான் ஒருசந்தி இருக்கிறேன். ஒரு நேர்ச்சைக்கு இரண்டு பேர் பட்டினி எதற்கு? நீங்கள் சாப்பிடுங்கள்.

உங்கள் மகன்,
ஞானராஜ்