நீ சுரண்டிய தகடு

எனக்குப் பேன் பார்த்துத் தலை பின்னிவிட்ட என் லூர்து அக்காவுக்கு,

பேச்சை நிறுத்திப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. எதற்கென்று எனக்கு மறக்கவில்லை. அம்மா படுக்கையில் கிடந்தபோது, உப்பைக் கையில் கொடுத்தால் சண்டை வரும், தரையில் வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று தெரிந்தும், என் உள்ளங்கையில் கல்லுப்பைத் திணித்தாய். மறுநாள் அம்மா போனாள். "கடைசித் தண்ணிகூட குடுக்காம வுட்டுட்டா இவ" என்று ஊர் கேட்கக் கத்தினாய். கொடுத்தேன் என்று மாதா மேல் சத்தியம் செய்தேன். நீ நம்பவில்லை. அதனால்தான் உன் அடக்கத்துக்கும் கல்லறைத் தோட்டத்து வாசலோடு நின்றுகொண்டேன்.

இப்போது ஒரு சேதி. எண்ணூரில் நீ வீட்டு வேலை செய்த பங்களாவை என் மகன் ஸ்டீபன் வாங்கிவிட்டான். நீ பெருக்கிய தரையில்தான் படுக்கிறேன். சிரிக்கிறாயா?

பின்பக்கத்து நீச்சல் தொட்டி உனக்குத் தெரியும். தண்ணீரில் கரைந்த உப்பிலிருந்து குளோரின் எடுக்கிற பழைய பெட்டியும் தெரியும். வந்த நாள் முதல் அதில் சிவப்பு விளக்கு. உப்பு போதவில்லை என்று அர்த்தமாம். ஸ்டீபன் மூட்டை மூட்டையாகக் கொட்டினான். விளக்கு அணையவில்லை. நான் விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். அப்படிக் கரித்தது. பெட்டி பொய் சொல்கிறது என்று அப்போதே சொன்னேன்.

வண்ணாரப்பேட்டையிலிருந்து மெக்கானிக் கபீர் பாய் வந்தார். "இன்னாம்மா இவ்ளோ உப்பு? கருவாடு போடப் போறீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கழற்றியவர், உள்ளே இருந்த தகடுகளைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

"யாரோ போட்டு சுரண்டிக்கீறாங்கம்மா. தகட்டுல சுண்ணாம்பு வெள்ளையா படிஞ்சா ஆசிட் கலந்த தண்ணில ஊறப் போடணும். சுரண்டினா மேல்பூச்சு பூடும். அப்பால எவ்ளோ கொட்னாலும் உப்பு இல்லன்னுதான் காட்டும்."

கீறல்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. பெட்டிக்குப் பின்னால் ஒரு கிளிஞ்சல் கிடந்தது, நம் அம்மா சோற்றுப்பானை சுரண்ட வைத்திருந்தது போலவே. அதன் ஒரு ஓரம் சாய்வாகத் தேய்ந்திருந்தது. இடக்கையில் பிடித்தால்தான் அப்படித் தேயும். நம் வீட்டில் இடக்கைக்காரி நீ ஒருத்திதானே?

பாய் புதுத் தகடு மாட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. மோட்டார் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினேன். கிளிஞ்சலை என் ஜெபமாலை டப்பாவில் போட்டு மூடினேன்.

பத்தாம் நாள் மறுபடி சிவப்பு. பாய் கழற்றினார். புதுத் தகட்டிலும் அதே கீறல், அதே சாய்வு.

"நீங்க சுரண்டினீங்களாம்மா?"

"மாதா மேல சத்தியமா இல்ல பாய். சாவி எங்கிட்டதானே கீது!"

"அத்தொட்டுதான் கேக்குறேன்" என்றார். என் முகத்தைப் பார்க்காமலே சாமானைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஸ்டீபன் விடவில்லை. "யம்மா, பெரிம்மா மேல கீற கோவத்த மிஷின் மேல காட்டுறியா?"

"போடா, எனக்கு வேற வேல இல்ல?" என்று உள்ளே வந்து டப்பாவைத் திறந்தேன். கிளிஞ்சல் ஈரமாக இருந்தது. ஜெபமாலை முழுக்கத் தகட்டில் படிகிற வெள்ளைத் தூள். பிறகுதான் என் கையைப் பார்த்தேன். வலக்கை சுத்தமாக இருந்தது. இடக்கை நகங்களுக்குள் அதே தூள்.

இந்தக் கையால் எனக்கு ஒரு குச்சியைக்கூட ஒழுங்காகப் பிடிக்க வராது. பூட்டைத் திறந்து அங்கே போனது யார், அக்கா? நானா, நீயா?

மாதா மேல் நான் செய்த சத்தியம் இரண்டு. சுரண்டவில்லை என்றது பொய்யாகிவிட்டது. மற்றதை இனி எங்கே ஒளிப்பேன்? அன்று மதியம் அம்மா தண்ணீர் கேட்டது என் காதில் விழுந்தது. அலுப்பில் நான் எழுந்திருக்கவில்லை. நீ சொன்னது பொய் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வருகிறேன். இந்தத் தடவை வாசலில் நிற்க மாட்டேன். அம்மா கல்லறையின் தலைமாட்டில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு, உன் கல்லறைப் பக்கம் தரையில் ஒரு பிடி உப்பு வைக்கிறேன். எடுத்துக்கொள். எடுத்ததும் என் கையை எனக்கே விட்டுவிடு.

உன் முதுகில் தொங்கியே வளர்ந்த தங்கச்சி,
செசிலி