அவசரப்படாமல் பிறந்த உன் மருமகள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் சின்ன ஆளும் சுகந்தானே. அண்ணிக்குப் பெண் பிறந்த சேதி உனக்குத் தெரியும், ஆனால் நடுவில் நடந்ததை நீ பயந்துவிடுவாய் என்று சொல்லவில்லை. போன வாரம் போனில், "பசியே இல்லப்பா, தூக்கமும் வரல" என்று சிரித்துக்கொண்டே சொன்னாயே, அதைக் கேட்டபிறகு சும்மா இருக்க மனசு வரவில்லை.

அண்ணியும் இப்படித்தான் இருந்தாள். காலையில் வெறும் டீயோடு தையல் கூடத்துக்கு ஓட்டம், மதியச் சாப்பாட்டு டப்பா கனம் குறையாமல் வீடு திரும்பும், எல்லாரும் படுத்தபிறகும் பட்டன் தைத்துக்கொண்டிருப்பாள். எட்டாம் மாதம் தொடங்கியதும் ஒருநாள் மெஷின் முன்னாலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டாள். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உன் அண்ணன் சுவரைப் பார்த்து நின்று அழுதுகொண்டிருந்தான். டாக்டரம்மா முதலில் கேட்டதே, "கடைசியா எப்பம்மா ஒழுங்கா சாப்பிட்டே, தண்ணி குடிச்சே?" என்றுதான். மருந்து கொடுத்து, டிரிப் ஏற்றி, எப்படியோ வலியை நிறுத்தினார்கள். வலி முந்துவதற்கு எத்தனையோ காரணம் இருக்கலாம், ஆனால் வயிறு காய்ந்து தூக்கமும் கெட்டால் உடம்பு எதைத்தான் தாங்கும் என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா இரண்டு பேர் சாப்பாடு என்று தட்டில் குவித்தாள், அத்தனையும் வாந்தி. அப்புறந்தான் கொஞ்சங்கொஞ்சமாக, அடிக்கடி என்று ஆயிற்று. பகலில் அம்மா வேலைக்குப் போய்விடுவதால் நான் சலூனைப் பூட்டிவிட்டு வந்து சோறு போட்டு எதிரில் உட்காருவேன். என்னிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள், "மாமா, நீங்க இப்படிப் பாத்துக்கிட்டே இருந்தா எப்படி முழுங்கறது?" என்றாள். அன்றிலிருந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன், தட்டைக் காலி செய்துவிட்டுக் கூப்பிடுவாள். சாப்பிட்டதும் ஒருக்களித்துப் படுத்து நன்றாகத் தூங்கினாள். மாதம் நிறைந்து, தெருவே திரும்பிப் பார்க்கிற அழுகையோடு வந்து சேர்ந்தாள் உன் மருமகள்.

அம்மாடி, நாளைக்கே உன் சூப்பர்வைசரிடம் சொல்லி உட்கார்ந்து செய்கிற வேலையாகக் கேள். எழுந்ததும் வாயில் எதையாவது போடு, போனைத் தள்ளி வைத்துவிட்டுப் படு. வயிறு இறுகினால் மாப்பிள்ளை வரட்டும் என்று காத்திராதே, நேரே ஆஸ்பத்திரிக்குப் போ. அடுத்த மாதம் அம்மா அங்கே வருகிறாள், டிக்கெட் எடுத்தாயிற்று. அதுவரை வெளியே வர அவசரம் வேண்டாம் என்று தாத்தா சொன்னதாக உள்ளே இருக்கிறவரிடம் சொல்லி வை.

நல்லபடியாக ரெண்டு உயிராகப் பிரிந்து எழ என் ஆசிகள்.

உன் வரவையும் பேரப்பிள்ளை வரவையும் பார்த்திருக்கும்,
அப்பா