தீரு பட்டணமும் என் பேத்தியும்

ஜூன் 3, செவ்வாய்

இந்தப் பெண்ணோடு மாரடிக்க என்னால் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை திடப்படுத்தல் ஆராதனை. சபைக்கு முன்னால் நின்று "விசுவாசிக்கிறேன்" என்று சொல்ல வேண்டியவள், பாத்திரம் துலக்கிக்கொண்டே, "நான் வரல பாட்டி" என்கிறாள். வேதத்தில் ஒரு வார்த்தையும் தவறாது என்பதற்குச் சாட்சியாக, தீரு பட்டணம் அழியும், திரும்பக் கட்டப்படாது என்று எசேக்கியேல் தீர்க்கதரிசி சொன்னது அப்படியே நிறைவேறியது என்று பெண்கள் கூட்டத்தில் எத்தனை தரம் பேசியிருக்கிறேன்! ஈரக் கையோடு போனை நீட்டினாள். இன்றைய தீருவாம் அது. கடைத்தெரு, மாடி வீடு, கொடியில் துணி. "இவங்கல்லாம் யாரு பாட்டி, பேயா?"

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். பாதியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். மிச்சப் பாத்திரம் என் தலையில்.

ஜூன் 4, புதன்

போதகரிடம் கூட்டிப்போனேன். "அது பழைய பட்டணத்தைச் சொன்னதும்மா. இல்லாட்டி ஆவிக்குரிய அர்த்தத்துல எடுத்துக்கலாம்" என்றார்.

"ரெண்டுல எது பாஸ்டர்?"

கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஆனால் எரிச்சல் அவள்மேல்தானா? ஐந்து பிள்ளை வளர்த்தவள் நான் — மழுப்புகிறவர்களைத் தெரியாதா எனக்கு?

ஜூன் 5, வியாழன்

பேசவில்லை. அவளும்தான். சாப்பிடும்போது எங்கள் நடுவில் உட்கார்ந்த மகன், "உப்பு வேணும்னா யார்கிட்ட மனு குடுக்கணும்?" என்கிறான். சிரிப்பு வரவில்லை.

ஜூன் 6, வெள்ளி

நானே பார்த்துவிடுகிறேன் என்று உட்கார்ந்தேன். படித்தது ஐந்தாம் வகுப்புதான். ஆனால் வேதத்தை முதலிலிருந்து கடைசிவரை வருஷம் தவறாமல் வாசிப்பவள் இந்தச் சபையில் வேறு யார்? எசேக்கியேல் 26ஆம் அதிகாரத்தில் நிறுத்தாமல் போனேன். 29இல், தீருவை அழிப்பான் என்று 26 சொன்ன பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரின் சேனை. தலை மொட்டையாகி, தோள் உரிந்து உழைத்தும் தீருவில் அவனுக்குக் கூலி கிடைக்கவில்லையாம். பதிலுக்குக் கர்த்தர் எகிப்தைக் கொடுக்கிறாராம்.

அழியும்னு சொன்னவரே கூலி கிடைக்கலன்னும் சொல்றாரே! மொட்டையும் தோளும் எனக்கு நல்ல நினைவு. கூலி மட்டும் இத்தனை வருஷம் எப்படிக் கண்ணுல படாம போச்சு? கூட்டத்தில் 26ஐ வாசிப்போம், ஜெபிப்போம், மூடிவிடுவோம். சே.

ஜூன் 7, சனி

"உங்களுக்காகப் போய் நிக்கிறேன் பாட்டி, போதுமா?" கண் கலங்கியிருந்தது. நான் கேட்டது இதைத்தானே? சந்தோஷம் ஏன் வரவில்லை? "எனக்காக அங்க போய்ப் பொய் சொல்லாத" என்றேன். என் வாயா அது?

ஜூன் 8, ஞாயிறு

பெயர்களை வாசித்தார்கள். அவள் பெயர் இல்லை. முன்வரிசைப் பெண்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பார்க்கட்டும். நான் தலை குனியவில்லை. உள்ளே எரிந்தது, அது வேறு.

சாயங்காலம் அவளை உட்காரவைத்து 29ஐ வாசித்துக் காட்டினேன். பிறகு யோனா. நினிவே கவிழும் என்றான், கவிழவில்லை. "இதுக்கு என்ன சொல்றீங்க?" என்றாள்.

"ஜனங்க மனசு மாறினாங்க, ஊர் பிழைச்சுது. உனக்கென்ன அதுல வருத்தம்?"

"அப்ப தீருவும் மனசு மாறிச்சா?"

அப்படி எங்கே எழுதியிருக்கிறது? புரட்டிப் பார்த்தேன். "தெரியல" என்றேன்.

நாற்காலியை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, "மறுபடி வாசிங்க" என்றாள்.